எண்ணூறும் நூறும்

ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் படம் அசல் நிறத்திலேயே விழுகிற இரண்டு கலர் ஸ்லைடு ஃபிலிம் சுருள்கள் குடியிருந்தன. ஒன்றின் டப்பாவில் எண்ணூறு என்று போட்டிருந்தது, மற்றதில் நூறு. எண் கூடக்கூட ஒளியைப் பிடிக்கிற வேகமும் கூடும் என்பதால் எண்ணூறுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

"வீட்டுக்காரர் வானத்தைப் படம் பிடிக்கப் போறாராம். உனக்கெதுக்குத் தம்பி அந்தச் சிரமம்? நான் கண் சிமிட்டுறதுக்குள்ளே மொத்தத்தையும் பார்த்துடுவேன்."

"நம்ம மேல படம் விழறது ஒரே தடவைதானேண்ணே. அது வானமா இருந்தா நல்லாருக்கும்" என்றது நூறு. அதற்குமேல் அதைச் சீண்ட எண்ணூறுக்கு மனசு வரவில்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் வீட்டுக்காரர் இருவரையுமே மலைக்குக் கொண்டுபோனார். முதலில் எண்ணூறு. கேமராவின் ஷட்டர் கதவு திறந்ததுமே நட்சத்திரங்களை அள்ளி விழுங்கிவிட்டது. கதவோ சாத்துகிற வழியாக இல்லை.

"இன்னும் பாரு" என்றது கேமரா.

"அதான் பார்த்தாச்சே!" மிச்ச நேரமெல்லாம் கொட்டாவிதான். பிறகு நூறின் முறை வந்தது. அதே கதவு, அதே வானம்.

ஸ்டுடியோவில் கழுவி முடித்ததும் இருவரையும் கொடியில் கிளிப் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். எண்ணூறு எட்டிப் பார்த்தது. நூறின் மேல், நட்சத்திரங்களுக்கு நடுவே, செம்பருத்தி விரிந்த மாதிரி ஒரு சிவப்பு மேகம்.

"டேய், நானும் அதே இடத்தைத்தானே பார்த்தேன்! இது எங்கேடா இருந்துச்சு?"

அண்ணன் மனசு நோகுமே என்று நூறு தயங்கியது.

"அது மெதுவாத்தான் வருதுண்ணே. நீங்க பார்த்து முடிச்சப்புறம் வந்திருக்கும்."

எண்ணூறு காய்கிற வரைக்கும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு தொங்கியது.