பேசுற மாதிரி

ஜன்னல் வழியே வரும் சாயங்கால வெயில் மேசைமேல் கிடக்கும் ஏர்மெயில் கவரிலும் நான்கு தாள்களிலும் விழுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேர, மகள் பேட்ரிசியா தன்னைப் பற்றி இங்கிலீஷில் எழுதிய கட்டுரை. திருவெறும்பூர் ஆலையில் இருபது வருஷமாக ஆபீஸ் கடிதங்களைத் திருத்தியே பழகிய அற்புதசாமி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். மரியாதைக்கு ஒரு ‘சார்’ கூட இல்லை. ‘ஐம்’, ‘டோன்ட்’ என்று பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே போகிறாள். “என்னம்மா இது, காலேஜுக்கு இப்படியா எழுதுவாங்க?” “பேசுற மாதிரிதான் எழுதணுமாம்ப்பா,” என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. கடுகு வெடிக்கிறது. அலமாரிமேல் ரேடியோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. வரிவரியாக அடித்துத் திருத்திக்கொண்டே மூன்றாம் தாளுக்கு வருகிறார். ‘அம்மா இறந்துபோன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான்,’ என்று எழுதியிருக்கிறாள். ‘வேலையிலிருந்து வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.’

பேனா தாளைத் தொடாமல் நிற்கிறது. முகம் தெரியாத யாரிடமோ எவ்வளவு பேசுகிறாள். அற்புதசாமி எழுந்துபோய் ரேடியோவை நிறுத்துகிறார். வீடு திடீரென்று பெரிதாகிவிடுகிறது. அடுக்களை வாசலில் போய் நிற்கிறார். கரண்டியும் கையுமாக அவள் திரும்பிப் பார்க்கிறாள். “ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?” அவர் அடுப்பைப் பார்க்கிறார். “சும்மாதாம்மா,” என்கிறார். திரும்பிப் போய் ரேடியோவைப் போடுகிறார்.