எம்புட்டு இருக்கும்?

“உள்ள எம்புட்டு இருக்கும்? ஒரு கணக்குச் சொல்லுங்க பாப்போம்!”

நகைக்கடையில் கொடுக்கிற சிவப்பு வெல்வெட் பையைச் சோலைராஜ் குலுக்கினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகனுக்குப் பெண் கேட்டுக் கணவரோடு வந்திருந்த பொன்னுத்தாய் முகம் மலர நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“என்னண்ணே, முத்தா?”

அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்ற அவர் மனைவி ரத்தினம் அந்தப் பையை முறைத்துப் பார்த்தாள். அந்தச் சனியனைக் காலையிலேயே வாஷிங் மெஷினுக்குள் போட்டு, மேலே அழுக்குத் துணியை அமுக்கி வைத்திருந்தாள். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ இந்த மனுஷர்!

“முத்தெல்லாம் என்ன தங்கச்சி, கடைக்குக் கடை கெடைக்கும். இது எங்கயும் கெடைக்காது.” சோலைராஜ் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, லட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். “எம் பித்தப்பையில வெளஞ்ச கல்லு!”

பொன்னுத்தாய் கையில் பிட்டு வைத்திருந்த லட்டு கையிலேயே நின்றது. முந்தானை மூக்குக்குப் போனது.

ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இதைக் கையில் கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வருகிற வழியில் சாக்கடையில் வீசியிருப்பார்கள். இவர் ஷோகேஸில் வைத்தார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் முதல் கேபிள்காரர் வரை, எத்தனை கல் என்று சொல்லாமல் ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாது. சரியாகச் சொன்னால் அவருடைய தறி யூனிட்டில் நெய்த பேண்டேஜ் துணி ஒரு சுருள் பரிசு. ராஜபாளையத்தில் இன்னும் ஒருத்தரும் அதை வாங்கவில்லை.

கற்கள் பச்சையும் கறுப்புமாக, பாசிப்பயறு போல இருக்கும். பாட்டில் வந்ததிலிருந்து ரத்தினம் அந்த வீட்டில் பாசிப்பயறு அவிப்பதையே விட்டுவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. முன்பு வன்னியம்பட்டியிலிருந்து வந்த இடம், இந்தப் பாட்டிலைப் பார்த்ததும் காபியைத் தொடாமல் எழுந்து போனது. போன் பண்ணுகிறோம் என்றார்கள், பண்ணவே இல்லை. மகள் சங்கரேஸ்வரி ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. இந்தப் பையனை அவளுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசி முடித்தால் போதும் என்று உள்ளறையில் பட்டுச்சேலையோடு காத்திருக்கிறாள்.

“என்னங்க, அதை எடுத்து உள்ள வைங்க. அவிய சாப்பிடுதாக,” என்று ரத்தினம் பல்லைக் கடித்தாள்.

“சும்மா இரிட்டி! நல்லாப் பாத்துச் சொல்லட்டும்.”

மூடியைத் திருகித் திறந்து, கற்களை உள்ளங்கையில் சரித்தார் சோலைராஜ். குப்பென்று ஒரு வாடை. ஒரு கல் துள்ளி, காராச்சேவுக்குள் விழுந்தது. அவர் பதறவே இல்லை. காராச்சேவை விரலால் விலக்கிக் கல்லைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்தார்.

“இதையும் சேத்துக்கோங்க,” என்று எல்லாவற்றையும் பாட்டிலுக்குள் போட்டு, பையனின் அப்பா ஐயாதுரையிடம் நீட்டினார்.

ரத்தினம் காராச்சேவுத் தட்டைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். கட்டின புருஷன் என்றுகூடப் பார்க்காமல் அந்த நிமிஷம் அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

ஐயாதுரை வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று வடையை ஒதுக்கிவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டவர். இப்போது கண்ணாடியை மாட்டி, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அடியில் ஒரு வரிசையை எண்ணினார். மேலே எத்தனை வரிசை என்று விரலால் அளந்தார். பாத்திரக்கடை வைத்திருக்கிறவருக்குக் கண்ணே அளவுகோல் போல, என்று ரத்தினம் நினைத்துக்கொண்டாள்.

“பெருங்கல்லு நாலஞ்சு கெடக்கு. அது எடத்த அடைச்சுக்கிடும்,” என்று முனகினார். “நூத்தி முப்பது. முன்னப்பின்ன ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

சோலைராஜ் துள்ளி எழுந்தார். “நூத்தி முப்பத்தி ரெண்டு! யப்பா, இம்புட்டு நெருக்கமா ஒருத்தரும் சொன்னதில்ல அண்ணாச்சி!”

ஐயாதுரை சிரிக்கவில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்தார். எழுந்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“ஏங்க, வேண்டாம்ங்க!” பொன்னுத்தாய் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். “நல்ல காரியம் பேச வந்த எடத்துல வேண்டாம்ங்க! நாஞ் சொன்னாக் கேளுங்க!”

அவர் காதில் வாங்காமல் தெருவில் நின்ற காரைப் பார்த்து நடந்தார். உள்ளறைக் கதவிடுக்கில் சங்கரேஸ்வரியின் முகம் தெரிந்தது. கண்ணில் மை கரைந்துகொண்டிருந்தது.

ரத்தினம் கையிலிருந்த காராச்சேவுத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். வாசலுக்கு ஓடிப் பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி, அண்ணன்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். எங்க வீட்டுக்காரரு கோட்டிக்காரத்தனத்துக்கு எம்புள்ள என்ன செய்வா?”

பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அவமானம். அது ஏன் என்று ரத்தினத்துக்கு அப்போது விளங்கவில்லை.

கார்க் கதவு திறந்தது. ஐயாதுரை உள்ளே குனிந்து எதையோ எடுத்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து மேஜை நடுவில் நங்கென்று வைத்தார். உள்ளே கற்கள் கலகலத்தன.

“இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம், சம்பந்தி!”