முதுகுக்குப் பின்னால் இருந்த படம்

சுவரில் தொங்கும் ஓவியத்தை ஆட்டச்சட்டையின் முதுகிலிருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும். கண்டதை நடனமாக்கி, ஆடுபவரின் கைகால்களையும் சட்டையே அசைக்கும். நாமும் படத்தைப் பார்த்துவிட்டால் உடம்பு முரண்டு பிடிக்கும் என்று அந்தத் தொழிலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாட்சாயணியும் பார்க்கவில்லை.

கோவை ஓவியக் கூடத்தில் அன்று கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவள் சட்டையைக் கழற்றுவதற்குள் ஓவியர் ஆறுச்சாமி கண்கலங்க மேடையேறி வந்துவிட்டார்.

"செத்துப்போன எம்பட புள்ளையக் கையில ஏந்துன மாதிரியே இருந்துச்சுங்க அம்மிணி. படத்துல எதைப் பாத்து அப்படித் தோணுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"பாப்பாவோட சிரிப்புதாங்க ஐயா."

அவர் முகம் செத்துவிட்டது. "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

தாட்சாயணி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் பாப்பாவே இல்லை. ஒரு கிணறு, அதன் ஓரத்தில் இரண்டு சின்னச் செருப்புகள்.

கூனிக் குறுகிப்போய், அவர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்கக் கைகளைக் கூப்பினாள். இன்னும் கழற்றாத சட்டை அதையும் விடவில்லை. இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, நளினமாக ஆடிக் காட்டியது.

வாசலில் நின்ற கூட்டம் மறுபடியும் கைதட்டியது.