ராத்துவின் பரீட்சை

என் முழங்கை கேப்டனின் உச்சந்தலையில் 'டொக்'கென்று இடித்தது. விமானத்தின் வலப்பக்க இருக்கைக்குள் உடம்பை நுழைக்க இடம் போதாமல், மேலே பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று துழாவியதன் பலன்.

ஃபிஜியில் யார் தலையையும் தொடக்கூடாது. நான் இடித்ததோ ராத்து எபேலியின் தலை. ராத்து என்றால் எங்கள் குலத்தலைவர் வம்சம். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை என் அப்பா குனிந்தபடியேதான் கடப்பார். எனக்கு விமானி வேலை தருவதா வேண்டாமா என்ற முடிவும் அதே தலைக்குள்தான் இருந்தது.

எங்கள் ஊரில் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, "மன்னிச்சிருங்க ராத்து" என்றேன்.

"பெல்ட்டப் போடு" என்றார் அவர்.

எழுத்துத் தேர்வும், மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட கேள்விகளும் முந்தின நாளே முடிந்திருந்தன. மிச்சம் இது ஒன்றுதான். நௌசோரி விமான நிலையத்திலிருந்து தவெயுனி தீவுக்கு, சரக்கு விமானத்தில் அவரோடு போய்த் திரும்ப வேண்டும். அவர் ஓட்டுவார்; நான் துணை விமானி. பின்னால் பயணிகளுக்குப் பதில் பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சுகள்.

இதே கம்பெனியில் ஓட்டும் என் அத்தை மகள் வசிதி விஷயத்தை முன்பே சொல்லியிருந்தாள்.

"வேணும்னே ஒரு தப்பு பண்ணுவாரு, இலைசா. நீ வாயத் திறக்கிறியான்னு பாக்கத்தான். நான் மொத தடவ, ராத்துவாச்சேன்னு மரியாதையா உக்காந்திருந்தேன். வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"அவரப் போய் எப்படி தப்புன்னு சொல்றது?"

"இன்னொரு தட்டு மரவள்ளிக்கிழங்கு கேக்க மட்டும் வாய் திறக்குதுல்ல? அதே வாயாலதான். ரெண்டு தடவ சொல்லு. கேக்கலைன்னா நீயே ஓட்ட ஆரம்பிச்சிரு. விதியே அதான்."

ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் என்னை வேண்டாம் என்றுவிட்டன. இதுவும் போனால் அண்ணனின் மீன்பிடிப் படகுதான் கதி. படகில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும்.

கோரோ தீவைத் தாண்டியதும் மேகம் எங்களை விழுங்கியது. தவெயுனியின் மலை நாலாயிரம் அடிக்கு மேல் நிற்கிறது. அதைத் தாண்டும்வரை ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தரை நெருங்கினால் கத்தும் கருவியெல்லாம் அப்போது எங்கள் விமானங்களில் கிடையாது. கத்துவதென்றால் நாங்கள்தான் கத்த வேண்டும்.

மேகத்தில் ஒரு கிழிசல். அதன் வழியே ஒரு கணம் நீலத் தண்ணீர் தெரிந்தது. ராத்து தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். உயரம் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது.

வந்துவிட்டது பரீட்சை.

"ராத்து, இன்னும் மலையத் தாண்டல. இறங்கக் கூடாது." என் குரல் பின்னாலிருந்த குஞ்சுகளின் குரலோடு ஒத்துப்போனது.

"தாண்டியாச்சு" என்றார், என்னைப் பார்க்காமலே.

நாலாயிரத்து ஐந்நூறு. நாலாயிரம். முன்கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு பரீட்சையை எதுவரை கொண்டுபோவார்கள் என்று வசிதியைக் கேட்காமல் விட்டோமே.

"ராத்து, மலை நமக்கு முன்னாலதான் இருக்கு. மேல ஏறுங்க."

அவர் வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. என் குலத்தில் யாரும் ஒரு ராத்துவின் கையிலிருந்து ஒரு கோப்பையைக்கூடப் பறித்ததில்லை. நான் விமானத்தைப் பறித்தேன்.

"நான் ஓட்டறேன்" என்று கத்திவிட்டு, தலைக்கு மேலிருந்த விசைப்பிடிகளை முழுக்கத் தள்ளி, மூக்கைத் தூக்கினேன்.

மேகம் கிழிந்தது. விமானத்தின் வயிற்றுக்கு நேர் கீழே மரங்கள் ஓடின. தூரத்துப் பச்சையாக இல்லை; இலை இலையாகத் தெரிந்தன. பின்னால் ஒரு குஞ்சுகூடக் கத்தவில்லை.

வெயிலுக்கு வந்து சேர்ந்ததும் ராத்து தன் கையை என் கைமேல் வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. இவ்வளவு தத்ரூபமாகக்கூட ஒரு மனிதர் நடிப்பாரா என்று எனக்கு வியப்பு.

தவெயுனியின் மத்தேயி ஓடுபாதையில் நானே இறக்கினேன். எஞ்சின்கள் அடங்கின. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வேலைக்காக இவ்ளோ கிட்டக் கொண்டு போய்க் காட்டணுமா ராத்து? எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல" என்றேன், சிரிப்பதாக நினைத்துக்கொண்டு.

அவர் ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையிலேருந்து புடுங்கினது தப்புன்னா திட்டிருங்க. நான் தேறினேனா இல்லையா, அத மட்டும் நேரா சொல்லிருங்க."

ராத்து எபேலி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"வேலை உனக்குத்தான், இலைசா. ஆனா, பரீட்சைய நான் திரும்பிப் போறப்பதான் வைக்கிறதா இருந்தேன்."