தூதரின் இரண்டு பெட்டிகள்

"ரெண்டு பெட்டியையும் கடல்ல போடுங்க, சீதி. பேசிக்கிட்டிருக்க நேரமில்ல."

"ஒண்ணு போடறேன். ஒண்ணே ஒண்ணு."

"இது என்ன கம்பளிச் சந்தையா, பேரம் பேசறதுக்கு?" என்று கத்தினான் கப்பல் தலைவன், ரயீஸ் அல்லால்.

அவன் கம்பளிச் சந்தையில் மூட்டை தூக்கி, அடிபட்டு, பேரம் பேசிப் பேசியே சொந்தமாகக் கப்பல் வாங்கி ஓட்டுகிறவன். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும்.

சுல்தானின் துறைமுக ஊரான ஸாலேயில், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. பாரத்தோடு வரும் கப்பல் அதைத் தாண்டாது. இன்று அல்லாலின் கப்பல் அதில் அடி தட்டி நின்றுவிட்டது. பின்னாலிருந்து அலை அறைகிறது. இன்னும் கொஞ்சம் பாரம் குறைந்தால் அடுத்த பெரிய அலையில் தாண்டிவிடலாம். இல்லையென்றால் பலகை பலகையாகப் பிரிய வேண்டியதுதான். எதிரே கோட்டைச் சுவர்மேல் ஊரே நின்று பார்க்கிறது. இந்த அலையில் எந்தப் படகும் வராது.

பீரங்கிகள் போயாச்சு. ஸ்பெயின் ராஜா கொடுத்தனுப்பிய கடிகாரங்கள் போயாச்சு. அல்லாலின் சொந்தச் சரக்கும் போயாச்சு. மிச்சம், ஸ்பெயின் போய்த் திரும்பும் சுல்தானின் தூதர், எல்லோரும் மரியாதையாக 'சீதி' என்றழைக்கும் தாவுதியின் இரண்டு இரும்புப் பட்டைப் பெட்டிகள்தான்.

ஒன்று அரசாங்கப் பெட்டி. சமாதான உடன்படிக்கையும் ராஜாவின் பதிலும் உள்ளே. அந்த அரக்கு முத்திரையைச் சுல்தான் கைதான் உடைக்கலாம். இன்னொன்று, தார் பூசி அடைத்தது. தூதரின் சொந்தக் கடிதங்கள்.

"சரி, ஒண்ணுன்னா ஒண்ணு. டேய், அந்தச் சொந்தக் கடிதப் பெட்டியைத் தூக்குங்கடா."

தூதர் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இது இல்ல. அதைப் போடு."

மாலுமிகள் அசையவில்லை.

"சீதி, அது சுல்தானோட பெட்டி. அதைப் போட்டா உங்க கழுத்துல தலை நிக்காது."

"தலை என்னோடது. போடு."

போட்டார்கள். அடுத்த அலை கப்பலைக் கையில் ஏந்தியதுபோலத் தூக்கி, மேட்டுக்கு அந்தப்புறம் வைத்தது.

உயிர் பிழைத்த சந்தோஷம்கூட அல்லாலுக்கு இல்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன கடிதம் என்று அவனுக்குத் தெரியாதா? ஸ்பெயினின் காதிஸ் நகரில் சாயங்காலமானால் தூதர் மைக்கூட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது கண் சிவந்திருக்கும். "அறுபது வயசுல சீதிக்கு ஆள் கிடைச்சிருச்சுடோய்" என்று மாலுமிகள் சிரிப்பார்கள்.

அங்கேயே சிறையில்தான் அல்லாலின் தம்பி ஹம்மாதி கிடக்கிறான். கடலில் ஸ்பெயின்காரர்களிடம் பிடிபட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. "அவனைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கப்பல் ஏறிய அன்றைக்கே அல்லால் கேட்டான். "கரைக்குப் போய்ப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனுஷன். சின்னவன் வலி எங்கே தெரியப்போகிறது?

கரையில் துறைமுக அதிகாரி ஓடி வந்தார்.

"ராஜாவோட பதில் எங்கே?"

"கடல்ல" என்று முந்திக்கொண்டான் அல்லால், ஊருக்கே கேட்கும்படி. "காதல் கடிதத்தைக் காப்பாத்த, ராஜா கடிதத்தைத் தூக்கிப் போட்டாரு உங்க தூதர். என் ஆளுங்க அத்தனை பேரும் சாட்சி."

கூட்டத்தில் ஒருவன் மணலில் துப்பினான்.

தூதர் பெட்டியைக் கரையில் இறக்கச் சொன்னார். ஒரு கடப்பாரை வாங்கி, தாரைப் பெயர்த்து, பெட்டியைத் திறந்தார். கட்டுக் கட்டாகக் கடிதங்கள். மேலே இருந்ததை எடுத்து முகவரியைப் படித்தார்.

"மீன்காரி இஸ்ஸா இங்க இருக்காளா?"

ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது.

"உன் புருஷன் அனுப்பினது. சிறையில அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தா."

அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அடுத்த பெயரைப் படித்தார். அதற்கடுத்தது. சுவர்மேல் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. தொழுகைக்கு நிற்பதுபோல் வரிசை தானாக நேரானது. ராஜாக்களுக்கு எழுதிய கை அது. மீன்காரிக்கும் அதே அழகான எழுத்து.

"சுல்தானுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க, சீதி?" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி.

"ராஜா உசிரோட இருக்கார், மையும் இருக்கு. கேட்டா இன்னொண்ணு எழுதுவார். இதையெல்லாம் சொல்லி எழுத வெச்சவங்கள்ல பல பேர் செத்துப்போயிட்டாங்க. யார்கிட்டப் போய் நான் திரும்பக் கேக்கறது?"

சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தார்.

"கயிற்றுக்காரர் சந்து, லல்லா ரஹ்மா."

அல்லாலின் அம்மா முன்னே வந்தாள்.

"உங்க சின்ன மகன் ஹம்மாதி நல்லா இருக்கான் தாயே. பல்லு ரெண்டு போச்சு. வாய் மட்டும் குறையல."

அவள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் ஊரையே கடலில் போடச் சொல்லிக் கத்தியது அல்லாலுக்குக் காதில் திரும்பக் கேட்டது.

"சீதி, கப்பல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தம்பி கடிதம் உள்ள இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, இந்தப் பெட்டி மேல கை வெச்சிருப்பேனா?"

தூதர் அடுத்த கட்டை அவிழ்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்:

"சொல்லியிருந்தா, பெட்டியை உடைச்சு உன் தம்பி கடிதத்தை மட்டும் மடியில சொருகிக்கிட்டு, மிச்சத்தைக் கடல்ல போட்டிருப்பே, ரயீஸ்."