ஒற்றைச் சாவி

தார் ரோட்டில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டதும் பேச்சாயி முந்தானையில் முடிந்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் சங்கிலி வீரன் திருவிழா. இளவட்டங்கள் கனத்த இரும்புச் சங்கிலியை ஊரைச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். முன்பெல்லாம் அவள் மகன் அன்புமணிதான் சங்கிலியின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடுவான்.

இப்போது அவன் நாகல் நகர் வீட்டில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறான்.

அவனுக்காகத்தான் வந்திருக்கிறாள். கோயில் கம்பி வேலியில் தொங்கும் ஒரு பூட்டை இன்றைக்குத் திறந்தாக வேண்டும். விட்டால் அடுத்த ஆடி மாதம்தான்.

கோட்டைக்குள் அடைத்து வைத்த வீரன், கால் விலங்கோடு பாறையிலிருந்து குதித்து, இந்த இடத்தில் வந்து விழுந்து செத்தானாம். தன் பூட்டு திறக்காமலே போனவன், அடுத்தவர் பூட்டைப் பத்திரமாகக் காப்பான் என்று நம்பிக்கை. ஊர் திண்டுக்கல். சாமிக்குப் பூட்டைத் தவிர வேறு என்னத்தைக் கொடுப்பார்கள்?

வேண்டியதைச் சொல்லிப் பூட்டை மாட்ட வேண்டும். ஒரு சாவி கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரையின் வாய்க்குள். இன்னொன்று மஞ்சள் துணியில் முடிந்து வீட்டில். ஒற்றைச் சாவியை மஞ்சள் துணியில் பார்த்தால் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் விஷயம் தெரியும்.

கேட்டது நடந்த பிறகுதான் திறக்கலாம். அதுவும் என்ன கேட்டோம் என்பதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் திறக்க வேண்டும்.

அதற்குப் பயந்தே போன வருஷம் அவள் வரவில்லை. சங்கிலிச் சத்தம் தெருவுக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். சத்தம் கடந்து போகும்வரை அன்புமணி செல்போனைக் கையில் பிடித்தபடி கிடந்தான்.

பூசாரி பொம்மையன் கையில் விபூதியோடு கேட்டார்.

"பேச்சாயி, கேட்டது நடந்துச்சா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் பாவப்பட்டார்கள். மகன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், இவளுக்கு என்ன நடந்துவிட்டது? பெற்ற மனசு, பொய் சொல்லியாவது திறக்கப் பார்க்கிறது என்று நினைத்தார்கள்.

"எம்புள்ள துபாய்க்குப் போகக் கூடாது, அவன் காலு எம் வாசப்படியத் தாண்டக் கூடாதுன்னு கேட்டேன். நடந்துருச்சு சாமி."

கொட்டு நின்றுவிட்டது. விபூதி எடுத்த பொம்மையனின் கை அப்படியே நின்றது.

டிக்கெட் எடுத்த வாரம் மாட்டிய பூட்டு அது. அந்த வாரம் முடிவதற்குள் லாரி அவனை அடித்துப் போட்டது. துணி எடுக்கக் கடைவீதிக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்தவன், கோயில் இருக்கிற கோட்டை ரோட்டுக்கு எதற்குப் போனான் என்று யாருக்கும் விளங்கவில்லை. வீரன்தான் இழுத்துவிட்டான், பூட்டைத் திறந்தால் காலை விட்டுவிடுவான் என்று பேச்சாயி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் சாவியை நுழைத்தாள். பூட்டு மக்கர் பண்ணாமல் திறந்துகொண்டது. யாரும் குலவை போடவில்லை.

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீரன் இழுக்கவில்லை என்பது அவளுக்குக் காலையிலேயே தெரிந்து போயிருந்தது.

காலையில் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டபோது வெறும் மஞ்சள் துணிதான் இருந்தது. அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்புமணி, தன் செல்போனின் பின்கவரைக் கழற்றினான். லாரி மோதியதில் கண்ணாடி விரிசல் விட்ட அதே போன். கவருக்குள்ளிருந்து சாவி போர்வையில் விழுந்தது.

"ஏய்யா, இது ஒங்கிட்ட எப்புடிய்யா வந்துச்சு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்கு வண்டிய எடுத்ததே இதத் தொறக்கத்தாம்மா."