தேவகிருபைக்கு ஒரு பெட்டி

"தேவகிருபைக்கு ஒரு பெட்டி வேணும், தவசி. வெரசா முடிச்சுக் கொண்டா" என்றார் ஜேசுதாஸ்.

தச்சன் தவசிக்குக் கையிலிருந்த உளி நழுவியது. தேவகிருபை, ஜேசுதாஸ் முதலாளியின் மனைவி. போடிமெட்டுப் பாதையில் இருக்கும் எஸ்டேட் வீட்டில் ஒரு மாசமாகப் படுத்த படுக்கை. ஆனால் உயிரோடுதானே இருக்கிறாள்?

வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளுக்குத் தவசி எத்தனையோ பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். சாவுப் பெட்டி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெறும் பெட்டி என்பார்கள், அளவு சொல்வார்கள். இவனும் துருவிக் கேட்க மாட்டான். அவன் தொழிலில் அதுதான் மரியாதை.

"நீளம் ஆறடி. உள்ள சுத்தித் தென்னை நாரை அடைச்சு மெத்தை மாதிரி தச்சிரு."

"சரிங்க முதலாளி."

"பக்கத்துல ரெண்டு ஓட்டை போடு. மூச்சு விடணும்ல."

தவசி விழித்தான். "மூச்சா?"

"ஆமாப்பா. ஆனா சத்தம் மட்டும் வெளிய கேக்கவே கூடாது. ராத்திரி பூராம் வீட்டுல இருக்க முடியல." அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அடிப்பலகை வேணாம். மேல கவுத்துனாப் போதும்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார்.

அடிப்பலகை இல்லாத பெட்டி, அதில் மூச்சு விட ஓட்டை! தவசிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோறு இறங்காமல் மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னான்.

"அந்தம்மா முனகுறது பொறுக்காம உயிரோட மூடப் போறாரா?" அவள் நெஞ்சில் கை வைத்தாள். "நம்ம புள்ளைக்கு அம்மை போட்டப்ப இளநி குடுத்தனுப்புன மகராசி. செஞ்சு குடுக்காதய்யா."

"நான் மாட்டேன்னா வேற எவனாச்சும் செஞ்சு குடுத்துருவான்டி."

நன்றாக யோசித்து, நீளத்தில் ஒரு முழத்தைக் குறைத்துவிட்டான். ஆள் அடங்காது. திருத்தித் தா என்று திருப்பி அனுப்புவார், இழுத்தடிக்கலாம். அதற்குள் அந்தம்மா எழுந்து நடமாடிவிட மாட்டாளா என்ன.

பெட்டியை லோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறினான். தேவகிருபை வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"வந்துட்டியா தவசி. இனி நிம்மதியாத் தூங்குவேன்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

அவன் வாயை மூடுமுன் வீட்டுக்குப் பின்னால் தடதடவென்று என்னவோ அலறியது. கட்டில் கால் கிடுகிடுத்தது.

"கேட்டியா? ஏலக்கா ஸ்டோருக்கு வெளிச்சம் வேணும்னு ஆலப்புழைப் படகுல கிடந்த கரண்டு எஞ்சினை வாங்கிட்டு வந்துட்டாரு. சீசன்ல நிறுத்தவும் முடியல. நான் கண்ணு மூடாமக் கிடக்கிறதைப் பாக்க மாட்டாம, எனக்காகத்தான் அதுக்கு இந்தப் பெட்டி."

தவசி ஜீப்பிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

ஜேசுதாஸ் ஆசையாகப் பெட்டியை எஞ்சின் மேல் கவிழ்த்தார். அது உட்காரவில்லை. எஞ்சின் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு, முன்னைவிட ஆங்காரமாகக் கத்தியது.

"உனக்கு அளவு தப்பாதே தவசி, என்ன ஆச்சு?"

அந்தம்மா பிழைக்கட்டும் என்று தவசி குறைத்த அந்த ஒரு முழம்தான், அன்றைக்கும் அவளைத் தூங்க விடவில்லை.